கண்ணாடி பவர் ஏறியதில் தொடங்கி எக்கோ வரை

என் மகனுக்கு மார்ஃபான் சிண்ட்ரோம் என்னும் இணைப்புத்திசுக் கோளாறு இருப்பது, அவனுடைய கண்ணாடி பவர் நிற்காமல் ஏறியதைத் தொடர்ந்துதான் எங்களுக்குத் தெரியவந்தது. நான்காம் வகுப்பில் மைனஸ் இரண்டாக இருந்த பவர், ஏழாம் வகுப்பு முடிவதற்குள் மைனஸ் ஏழைத் தாண்டியது. பார்வைக் கோணலைச் சரிசெய்யும் சிலிண்டர் பவரும் கூடவே ஏறியது. புதுக் கண்ணாடி போட்ட பிறகும் கரும்பலகை தெளிவாகத் தெரியவில்லை என்றான். முதலில் காட்டிய மருத்துவமனையில், செல்போனைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியில் விளையாடாமல் அறைக்குள்ளேயே வளரும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை கூடுவது உண்மைதான். ஆனால் பவர் இவ்வளவு வேகமாக ஏறி, கண்ணாடி போட்டும் முழுப் பார்வை வராதபோது, வேறு காரணம் உண்டா என்று அங்கேயே பார்த்திருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

அப்படிப் பார்த்தவர், வேறொரு கண் மருத்துவமனையில் பவர் சோதித்த இளம் பெண். கண்ணுக்குள் ஒளியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டு, ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடிக்கும்படி மகனிடம் சொன்னார். அவனுடைய கட்டைவிரல் சுண்டுவிரலின் நகத்தை முழுவதுமாக மூடிக்கொண்டு நின்றது. பிறகு கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிக்கச் சொன்னார். விரலின் நுனி மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வயதுக்கு மீறிய அவனுடைய உயரத்தையும் நீண்ட விரல்களையும் அதுவரை நாங்கள் அழகென்றே நினைத்திருந்தோம்.

சொட்டு மருந்து விட்டும் கண்பாப்பா போதுமான அளவு விரியவில்லை. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் பின்னர் சொன்னார். மறுபடியும் மருந்து விட்டு, கருவியில் முகத்தை வைக்கச் செய்து, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். செம்மஞ்சள் ஒளிக்கு நடுவே, கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் விளிம்பு வளைகோடாகத் தெரிந்தது. அதற்குக் கீழே மெல்லிய இழைகள் இழுபட்டு நின்றன. அந்த விளிம்பு கண்ணுக்குத் தெரியவே கூடாதாம். லென்ஸைச் சுற்றிலும் பிடித்து நிறுத்தும் இழைகள் ஃபைப்ரிலின் என்னும் புரதத்தால் ஆனவை என்றும், 15ஆவது குரோமோசோமில் உள்ள எஃப்பிஎன்1 மரபணு பழுதானால் அவை தளர்ந்துவிடும் என்றும் விளக்கினார். பிடி தளர்ந்த லென்ஸ், மார்ஃபானில் பெரும்பாலும் மேல்நோக்கி வெளிப்புறமாக நகர்கிறது. சாய்வதால் சிலிண்டர் பவரும், இழுவிசை குறைந்து உருண்டையாகிவிடுவதால் மைனஸ் பவரும் கூடுகின்றன. போதாக்குறைக்கு அவனுடைய விழிக்கோளமே 26 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தது. பெரியவர்களுக்கே அது 24 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடினால் கண்ணாடி பவரின் அலகான டையாப்டரில் ஏறத்தாழ இரண்டரை மைனஸ் கூடுமாம்.

அன்றே இதய மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கண்ணுக்கு வந்த இடத்தில் இதயத்துக்கு ஏன் அனுப்புகிறார் என்று நான் திகைத்தேன். இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தத்தைக் கொண்டுசெல்லும் மகாதமனியின் சுவருக்கு உறுதி தருவதும் அதே ஃபைப்ரிலின்தான். லென்ஸ் நகர்ந்திருப்பதும் மகாதமனியின் வேர்ப்பகுதி விரிந்திருப்பதும் சேர்ந்து காணப்பட்டால், இந்தக் கோளாறைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2010இல் திருத்தப்பட்ட கெண்ட் அளவுகோல்களின்படி மார்ஃபான் என்று உறுதிசெய்யலாம். இதயத்தை ஒலியலைகளால் படம்பிடிக்கும் எக்கோவில் அந்த விரிவு இருந்தது. ஹோமோசிஸ்டினூரியா என்னும் வேறொரு கோளாறிலும் லென்ஸ் நகரும் என்பதால் அதற்கும் இரத்தம் எடுத்தார்கள். அது இல்லை என்று வந்தது. மரபணுப் பரிசோதனையிலும் மார்ஃபான் உறுதியானது.

நால்வரில் ஏறத்தாழ மூவருக்கு இது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருகிறது என்பதால் எங்களையும் எக்கோ எடுக்கச் சொன்னார்கள். பள்ளிப் பருவத்திலிருந்தே தடித்த கண்ணாடி அணிந்த என் கணவருக்கும் மகாதமனி விரிந்திருந்தது. அவருக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. மகனின் கண் காட்டிக்கொடுத்திராவிட்டால் அவருக்கு இருப்பது தெரிந்தே இருக்காது. இருவரும் இப்போது மாத்திரை எடுத்துக்கொள்கிறார்கள். மகளுக்கு இல்லை.

மகன் பள்ளி வாலிபால் அணியில் இருந்தான். அதை நிறுத்தச் சொன்னபோது மிகவும் அழுதான். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க மகளிர் வாலிபால் அணியின் ஃப்ளோ ஹைமன், 1986இல் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே மகாதமனி கிழிந்து சரிந்து இறந்ததையும், அவருக்கு மார்ஃபான் இருந்தது இறந்த பிறகே தெரிந்ததையும் மருத்துவர் அவனிடமே எடுத்துச் சொன்னார். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்ல வேண்டுமா என்று எனக்கு அப்போது கோபம் வந்தது; ஆனால் அவன் மறுநாளே பயிற்சியாளரிடம் தானே போய்ப் பேசினான்.

லென்ஸை எடுத்துவிடும் அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்கிறார்கள். கண்ணாடியால் படிக்கும் அளவுக்குப் பார்வை கிடைத்துக்கொண்டிருக்கும்வரை காத்திருக்கலாமாம். விழித்திரை விலகும் அபாயம் அவனுக்கு அதிகம் என்பதால், கண்ணில் மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் திடீரெனக் கூடினாலோ, திரை விழுவதுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றே வந்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். பதினெட்டு வயதானதும் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிடலாமே என்று உறவினர்கள் கேட்கிறார்கள். லேசர் சரிசெய்வது கருவிழியின் முன்பரப்பை. அவனுக்கு நகர்ந்துகொண்டிருப்பது உள்ளே இருக்கும் லென்ஸ். அதனால் அது அவனுக்கு ஏற்றதல்ல என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.