வைக்கத்தப்பனுக்கு அம்மா நேர்ந்தது

என் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன் நடந்த இரவில் அம்மா நேர்ந்துகொண்டாள். வைக்கம், கடுத்துருத்தி, ஏற்றுமானூர் மூன்று மகாதேவரையும் ஒரே நாளில், உச்சிபூஜைக்குள் கும்பிட வேண்டும். வைக்கத்தில் அன்னதானத்துக்குப் பணம் கட்ட வேண்டும். குமுளியில் இருக்கிற எங்களுக்கு இது எட்டாத தூரமில்லை. ஆனாலும் ஏலக்காய் வேலை, அம்மாவின் முட்டிவலி என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் கார்த்திகையில்தான் கூடிவந்தது. கார்த்திகையில் அந்த ரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ராத்திரியே கிளம்பியும் வண்டிப்பெரியாறு தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஐயப்பமார் வண்டிகள் இரண்டு வரிசையாக ஏறி நிற்க, எதிரே லாரி. குட்டிக்கானத்தில் பனிமூட்டம். வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி. வண்டி ஓட்டியவர் எங்கள் தெரு பாய்தான். ஓரமாக நிறுத்தி, எங்கேயோ போய்ச் சுக்குக் காப்பி வாங்கிவந்து கொடுத்தார். "பெரியம்மா, கண்ணை மூடிப் படுங்க. விடியறதுக்குள்ள உங்க சாமிகிட்ட கொண்டுபோய் விடறது என் பொறுப்பு" என்றார். அப்படியே செய்தார்.

வைக்கத்தில் இறங்கியதுமே ஒருவன் நல்ல தமிழில் வந்து ஒட்டிக்கொண்டான். ஐநூறு கொடுத்தால் வரிசையில் நிற்காமல் உள்ளே விடுவானாம். அம்மா உசிலம்பட்டிக்காரி. "சாமி எனக்குத் தெரிஞ்சவருதான்யா, நீ எதுக்கு நடுவுல?" என்று கேட்டாள். ஆள் நகர்ந்துவிட்டான்.

வரிசை நெரிசலைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. சன்னிதி முன்னால் வந்ததும் எல்லாம் போய்விட்டது. காலையில் அப்பன் தட்சிணாமூர்த்தி வடிவம். விளக்கு வெளிச்சத்தில் அவ்வளவு பெரிய லிங்கத் திருமேனி. நான் சொல்லவேண்டியதைப் பல நாள் மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தபோது டாக்டர் முகத்தில் பார்த்த அந்த லேசான சிரிப்பு மட்டும் ஞாபகம் வந்தது. அப்பனே, அது நீதான். பக்கத்தில் அம்மா வாய்விட்டே பேசிக்கொண்டிருந்தாள். கடைசியில் "ரோசாப்பூ துரைக்கும் ஒரு கும்பிடு" என்றாள்.

வெளியே வந்து கேட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்வாளாம். கைரேகை வைக்கச் சொன்ன ரேகைச் சட்டம் என்று ஊரையே குற்றப்பரம்பரையாக்கி, ஆண்களை ராத்திரி வீட்டில் படுக்கவிடாத காலம். அதை எதிர்த்த சனங்களை 1920இல் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. அப்போது அந்தச் சனங்களுக்காக வழக்காடியவர் மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். செங்கன்னூர்க்காரர், சிரியன் கிறிஸ்தவர். அவர்தான் ரோசாப்பூ துரை. அம்மாச்சி அவர் பேரைச் சொல்லும்போது கையெடுத்துக் கும்பிட்டுத்தான் சொல்வாளாம்.

அதே ஜார்ஜ் ஜோசப் இந்த வைக்கத்துக்கும் வந்தவர். கோயிலைச் சுற்றியிருக்கிற தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது என்றிருந்ததை எதிர்த்து, 1924 மார்ச் 30 அன்று சத்தியாக்கிரகம் தொடங்கியது. அது இந்துக்கள் செய்ய வேண்டிய வேலை, மற்றவர்கள் ஒதுங்கியிருக்கட்டும் என்பது காந்தியின் எண்ணம். ஜோசப் ஏப்ரலில் கைதாகி ஜெயிலுக்கே போனார். பஞ்சாபிலிருந்து அகாலி சீக்கியர்கள் வந்து தொண்டர்களுக்குச் சமையல்கூடம் நடத்தினார்கள். காந்தி அதையும் வேண்டாம் என்றார். காந்தி மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இந்த விஷயத்தில் நான் சீக்கியர் பக்கம்தான். வைக்கத்தப்பன் அன்னதானப் பிரபு அல்லவா? அவர் மடப்பள்ளி அடுப்புச் சாம்பல்தான் நமக்குத் திருநீறு. அந்த ஊரில் பசித்தவனுக்குச் சோறு போட்டவன் எந்தச் சாமியைக் கும்பிட்டால் என்ன!

1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு அப்போதும் கிடைக்கவில்லை. திருவிதாங்கூர் கோயில்களுக்குள்ளேயே எல்லோரும் போகலாம் என்ற பிரகடனம் வர 1936 ஆனது. நாங்கள் ஓசிக் காற்று வாங்கிக்கொண்டு நடந்த தெருவுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சாமியே இல்லை என்ற பெரியாரும் இதே போராட்டத்தில் இரண்டு முறை ஜெயிலுக்குப் போனவர். 2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறந்த அவர் நினைவகத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அம்மாவே சொன்னாள். நெற்றி நிறையத் திருநீற்றோடு அவர் சிலை முன்னால் நின்று, "பெரியவரே, நல்லாயிருங்க" என்றாள். பாய் சிரித்துவிட்டார்.

கடுத்துருத்தியில் கூட்டம் குறைவு, நல்ல தரிசனம். ஏற்றுமானூரில் வண்டி நிறுத்தக் கேட்ட காசுக்குப் பாதி சண்டை போட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். பெரிய விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது அம்மா ஒரு பட்டியலே வாசித்தாள். மருமகன், டாக்டர், ரத்தம் கொடுத்த பிள்ளைகள், பாய், பாய் வீட்டுப் பேரப்பிள்ளை, துரை, அப்புறம் பஞ்சாபிலிருந்து வந்து சமைத்தவர்கள். பின்னால் நின்றவர்கள் மலையாளத்தில் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். உச்சிபூஜைக்கு நடை சாத்திவிடுவார்கள் என்று நான்தான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.