540 ரூபாய்

கம்ப்யூட்டர் வராத காலத்தில் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தவன் நான். மாதக் கடைசியில் சேமிப்புக் கணக்கு லெட்ஜர்களை பேலன்ஸ் செய்வோம். ஒரு ரூபாய் உதைத்தாலும் வீட்டுக்குப் போக முடியாது.

ஒரு மாதம் 540 ரூபாய் உதைத்தது. ஆளுக்கொரு லெட்ஜரைப் புரட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்து சீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். "540 ஒன்பதால வகுபடுது சார், எங்கயோ நம்பர் முன்பின்னா மாறியிருக்கும்" என்றார். அப்படி மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். அரை மணி நேரத்தில் 710-ஐ 170 என்று ஏற்றியிருந்த பக்கத்தை எடுத்துவிட்டார். அது என் கையெழுத்து. யாரிடமும் அவர் சொல்லவில்லை.

அடுத்த வருடம் இருவரும் ஆபீசர் பிரமோஷனுக்கு எழுதினோம். எழுத்துத் தேர்வில் அவருக்குத்தான் மார்க் அதிகம். இன்டர்வியூவில் "கிளைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டதற்கு, "என் வேலையைச் செய்தேன் சார்" என்றாராம். நான் அந்த 540 ரூபாய் கதையையே எடுத்து, "நாங்கள் கண்டுபிடித்தோம்" என்று பத்து நிமிடம் பேசினேன். பட்டியலில் என் பெயர் வந்தது. டிரான்ஸ்ஃபருக்குப் பயந்து பிரமோஷனே வேண்டாம் என்பவர்கள் உண்டு. அவர் அப்படி இல்லை. இன்னும் இரண்டு முறை எழுதினார்.

நன்றாக வேலை செய்பவரை விட்டுவிட்டு நன்றாகப் பேசுபவரை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பிற்பாடு தேடிப் படித்தேன். பாரிக், மவுண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1991-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். எந்தத் தொழிலானாலும் நல்ல வேலையோடு சேர்ந்தே வந்த குணம், பொறுப்பாகவும் ஒழுங்காகவும் செய்வது. 2002-இல் டிமோத்தி ஜட்ஜும் உடன் ஆய்வாளர்களும் தலைமையைப் பார்த்தபோது கலகலப்பாகப் பழகும் குணம் முன்னே நின்றது. அதிலும், தலைவராக நன்றாக நடத்துவதைவிட, தலைவராகத் தென்படுவதற்குத்தான் அந்தக் குணம் கூடுதலாகக் கைகொடுக்கிறது. படித்தபோது என் இன்டர்வியூ அறைதான் கண்முன் வந்தது.

நானே இன்டர்வியூ போர்டில் உட்கார்ந்த வருடங்களில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்கியதில்லை. "கடைசியாக எந்தக் கணக்கு உதைத்தது, எப்படிப் பிடித்தீர்கள்?" என்பேன். குனிந்தே உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்து, பேனாவை வாங்கி, காகிதத்தில் போட்டுக் காட்டுவார்கள்.

அவர் கிளார்க்காகவே ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் மைக்கில் 540 ரூபாய் கதையை முழுதாகச் சொன்னேன், யார் எழுதிய தப்பு என்பதையும். முன்வரிசையில் மாலையை மடியில் வைத்திருந்தவர், "அதெல்லாம் எதுக்கு சார் இப்ப" என்று கையசைத்தார்.