தளம் போடும்போது அடிபட்டால்: ஆஸ்பத்திரி சீட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்

முதலில் சிமெண்டுப் புண். அதை யாரும் அடிபட்ட கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஈரக் கான்கிரீட்டின் காரம் பி.எச். 12-க்கு மேலே இருக்கும், ஆனால் பட்டவுடன் எரியாது. முட்டி போட்டு மட்டக்கட்டை இழுக்கிறவரின் பேண்ட் நனைந்து, சிமெண்டுப் பால் ஊறி, முட்டியோடு ஒட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் அப்படியே கிடக்கும். சாயங்காலம் குளிக்கும்போதுதான் சுருக்கென்று எரியும். மறுநாள் தோல் வெளுத்தோ கறுத்தோ உரியும். ஆழமாகப் போய்விட்டால் தோல் ஒட்டு வைக்கிற நிலைமைகூட வரும்.

நனைந்த துணியை அங்கேயே கழற்றிவிட்டு, குறைந்தது 20 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். கரண்டி கழுவிய வாளித் தண்ணீர் வேண்டாம், அதிலும் சிமெண்டுதான் இருக்கிறது. கழுவாமல் தேங்காய் எண்ணெயைத் தடவினால் காரம் உள்ளேயே நின்றுவிடும். கண்ணில் தெறித்தால் கசக்கவே கூடாது. மேல் இமையைத் தூக்கிப் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் விட்டுவிட்டு, நேராகக் கண் டாக்டரிடம் போங்கள். இமைக்கு அடியில் ஒரு துணுக்கு தங்கினாலும் அது கருவிழியைத் தின்றுகொண்டே இருக்கும். கம்பூட் போடுகிறவர்கள் பேண்ட்டை பூட்டுக்கு வெளியே விடுங்கள். உள்ளே செருகினால் கான்கிரீட் வழிந்து பூட்டுக்குள் இறங்கிவிடும். பாண்டு தூக்கும் சித்தாள்கள் சும்மாட்டுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்துக்கொண்டால் பிடரியில் பால் இறங்காது. இதற்கு ஆகும் செலவு பத்து ரூபாய் கிடையாது, இருந்தும் மேஸ்திரிகள் கொடுப்பதில்லை என்பது எனக்கு ஆறாத கோபம்.

அடுத்தது சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் இறுகும்வரை தளத்தைத் தாங்கும் பலகையும் முட்டும். ஆயிரம் சதுர அடிக்கு ஐந்தங்குலத் தளம் என்றால் ஈரக் கான்கிரீட் மட்டுமே சுமார் 28 டன். அதைத் தாங்குவது சவுக்கு முட்டுகள்தான். அவை சரிகிற காரணங்கள் பெரும்பாலும் இவைதான்: நீளம் போதாமல் நடுவில் ஒட்டுப் போட்ட முட்டு, குறுக்குக் கட்டு இல்லாத முட்டு, அடியில் பலகை வைக்காமல் நிரப்பு மண்ணில் நிறுத்திய முட்டு. நம் கடலூர், புதுச்சேரி கடலோர மணலில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அடிமண் இளகியிருக்கும், நேற்று இறுக்கிய ஆப்பு இன்று கையோடு வரும். கான்கிரீட் போடும் காலையில் முட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். பம்பிலிருந்து வருவதை ஒரே இடத்தில் குவிக்க விடக் கூடாது. மேலே கொட்டும்போது சென்ட்ரிங் ஆள் தவிர வேறு யாரும் கீழே நிற்கக் கூடாது.

பிரிப்பதிலும் அவசரம் கூடாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகளை 7 நாள் கழித்துத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21. இது சாதா சிமெண்டுக்குச் சொன்ன கணக்கு. இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி., அதற்கு இன்னும் கூடுதல் நாள் வேண்டும். வைப்ரேட்டர் ஒயர் ஈரத்தில் கிடக்கும் என்பதால் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத பெட்டியில் அதைச் செருகாதீர்கள்.

இவ்வளவும் பார்த்தும் அடிபட்டுவிட்டது என்று வையுங்கள். 108-ல் கடலூர் மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போகிறீர்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர்.-இல், எப்படி அடிபட்டது என்று ஒரு வரி எழுதுவார்கள். கூட வரும் மேஸ்திரி “போலீஸ் கேஸ் ஆயிடும்ணே, வீட்டு மாடிப்படியில விழுந்ததா சொல்லிடுங்க, செலவ நான் பாத்துக்கறேன்” என்பார். அந்த ஒரு வரிதான் பின்னால் நஷ்டஈட்டையே காலி செய்யும். இன்ன ஊரில், இன்ன கட்டிடத்தில், கான்கிரீட் போடும்போது விழுந்தேன் என்றே சொல்லுங்கள், ஏ.ஆர். நகல் கேட்டு வாங்குங்கள். அப்புறம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்ததோ அங்கே மனு கொடுத்து சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதை வாங்குங்கள்.

1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது, ஆனால் கணக்குப் போடும் முறை மாறவில்லை. 30 வயது ஆள், மாதக் கூலி 15,000 என்று எடுத்துக்கொள்வோம். (2020-இல் வைத்த உச்சவரம்பு அதுதான், அதற்கு மேல் சம்பாதித்தாலும் 15,000-தான் கணக்கு.) மிக்சர் பல்சக்கரத்தில் கட்டைவிரல் முழுதாகப் போய்விட்டது. 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 30 வயதுக்கான காரணி 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820. கட்டைவிரலுக்குச் சட்டத்தின் அட்டவணை தரும் இழப்பு 30 சதவீதம், ஆக 5,61,546 ரூபாய். மேஸ்திரி நீட்டும் இருபதாயிரத்தை வாங்கிக்கொண்டு “இனி எந்தப் பாக்கியும் இல்லை” என்று வெள்ளைத்தாளில் கைநாட்டு வைக்கும் முன் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுப் பாருங்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் தாள் சட்டப்படி செல்லாது. வைத்துவிட்டாலும் வழக்குப் போடலாம்.

எலும்பு முறிந்து கொஞ்ச காலம் வேலைக்குப் போக முடியாதவருக்கு அரை மாதத்துக்கு ஒரு முறை மாதக் கூலியில் 25 சதவீதம் வர வேண்டும். வைத்தியச் செலவு தனி. கேட்க இரண்டு வருஷ அவகாசம் உண்டு. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி ஓடும். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் பெயர் இருந்தால் மட்டும் வழி வேறு, அங்கேதான் கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்பது? கம்பெனி சப்-கான்ட்ராக்ட் விட்டிருந்தால் கம்பெனியையும் சேர்த்தே கேட்கலாம். சொந்த வீடு கட்டுகிறவர் என்றால் கட்டுவது அவர் தொழில் இல்லையே என்ற வாதம் வரும், பாரம் மேஸ்திரி தலையில் விழும். அதனால்தான் வேலை எடுத்தவர் பேர் முக்கியம். வேலை நடந்தது புதுச்சேரி எல்லையில், வீடு கடலூரில் என்றாலும் கவலை வேண்டாம். விபத்து நடந்த ஊரிலும் மனுப் போடலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலும் போடலாம். புதிய சட்டத்தில் வேலைக்குப் போகிற வருகிற வழி விபத்தும் சேரும். விடியற்காலையில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி கன்னியக்கோயில் வழியாக பைக்கில் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-இல் கூப்பிடுங்கள். கட்டுமான நலவாரிய அட்டை இருந்தால் அங்கேயும் தனியாக விண்ணப்பியுங்கள்.

எல்லா வழக்கிலும் எதிர்த்தரப்பு முதலில் சொல்வது “இந்த ஆள் என்னிடம் வேலையே செய்யவில்லை” என்பதுதான். சனிக்கிழமைக் கூலியை ஜிபேயில் வாங்குங்கள். ரொக்கமாகத்தான் தருவார் என்றால் ஒரு நோட்டில் தேதி, இடம், கூலி எழுதி வையுங்கள். கான்கிரீட் போடுகிற அன்றைக்கு மேஸ்திரியும் கட்டிடமும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து வீட்டம்மாவின் வாட்ஸாப்புக்கு அனுப்பிவிடுங்கள்.