ஐந்து நிமிட நோயாளி: கிருஷ்ணகிரியிலிருந்து ஓ.இ.டி. நாட்குறிப்பு

ஜூன் 3, 2025, செவ்வாய்

இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போக எழுத வேண்டிய ஓ.இ.டி. என்கிற ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. இனிமேல் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று தள்ள முடியாது. கேட்பது, படிப்பது, எழுதுவது மூன்றிலும் பெரிய பயம் இல்லை. பேசுவதுதான் உதைக்கிறது. இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சில் பேச்சில் 350 கேட்கிறது, அதாவது பி கிரேடு. எழுதுவதற்கு மட்டும் 300 இருந்தால் விட்டுவிடுகிறார்கள். பேச்சுக்கு அந்தச் சலுகை கிடையாது.

வார்டில் விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "ஐ.இ.எல்.டி.எஸ். மாதிரியா சிஸ்டர்?" இல்லை. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் ஒரு அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்க விட்டு, உனக்குப் பிடித்த இடத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசு என்கிற மாதிரி கேட்பார்கள். கே.ஆர்.பி. டேமைப் பற்றி நானும் இரண்டு நிமிடம் ஓட்டிவிடுவேன். ஓ.இ.டி. என்பது மருத்துவத் துறைக்காரர்களுக்கென்றே 1980களின் கடைசியில் ஆஸ்திரேலியாவில் உருவான தேர்வு. ஆரம்பத்தில் நம்மைப் பற்றிக் கொஞ்சம் விசாரிப்பார்கள், அதற்கு மார்க் கிடையாது. அப்புறம் இரண்டு ரோல் பிளே. ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு, படித்துப் பார்க்க மூன்று நிமிடம், பேச ஐந்து நிமிடம். நான் நர்ஸ். எதிரில் இருப்பவர் நோயாளி, இல்லாவிட்டால் நோயாளியின் சொந்தக்காரர்.

"நர்ஸா நடிக்க நர்ஸுக்கே கோச்சிங்கா?" என்று தம்பி போனில் சிரிக்கிறான். சிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து வருவான், அவனைத்தான் நோயாளியாக்கப் போகிறேன்.

ஜூன் 5, வியாழன்

ஆன்லைன் வகுப்பில் ஒரு பி.டி.எஃப். கொடுத்திருக்கிறார்கள். நோயாளி அழுதால் இந்த வாக்கியம், கோபப்பட்டால் இந்த வாக்கியம், ஒத்துக்கொள்ளாவிட்டால் இந்த வாக்கியம். "ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன்" என்பது பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. மொத்தத்தையும் மனப்பாடம் பண்ணினால் பி நிச்சயமாம். பத்தாவதில் கோனார் நோட்ஸை ஒப்பித்த தலைமுறைதான் நாமெல்லாம், மனப்பாடத்துக்கு நாம் பயந்தவர்கள் இல்லை. மார்னிங் டூட்டி முடிந்து, ராயக்கோட்டை ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற நேரத்திலேயே இரண்டு பக்கம் ஏற்றிவிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி வந்தான். மதியம் சாப்பிட்டுவிட்டு அவன் கண் சொருகுவதற்குள் பிடித்து உட்கார வைத்தேன்.

ரோல் பிளேயில் கார்டு இரண்டு விதம். என் கார்டில் இடம், நோயாளி யார், நான் செய்ய வேண்டியது என்ன என்று நாலைந்து வரி இருக்கும்: கேட்டுத் தெரிந்துகொள், விளக்கு, தைரியம் சொல், ஒப்புக்கொள்ள வை. நோயாளியின் கார்டு வேறு. அதில் அவருடைய பயமும் பிடிவாதமும் இருக்கும், அது என் கண்ணில் படாது. இன்றைக்கு நான் எழுதிய கார்டு: ஐம்பது வயதுக்காரர், சுகர் மாத்திரைக்கு அடங்கவில்லை, டாக்டர் இன்சுலின் எழுதியிருக்கிறார், அவருக்கு இஷ்டமில்லை. என்ன காரணம் என்பதை நீயே வைத்துக்கொள், என்னிடம் சொல்லாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

ஆரம்பித்தேன். பெயர் சொன்னேன், வந்த விஷயம் சொன்னேன். "ஐ டோண்ட் வாண்ட் திஸ் இன்ஜெக்ஷன்" என்றான். நான் உடனே, "ஐ கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட் யுவர் கன்சர்ன்" என்று போட்டு, இன்சுலினின் நன்மைகளை அடுக்கினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மை ஃபாதர் ஆல்சோ டுக் இட்" என்றான். மறுபடியும் அதே அண்டர்ஸ்டாண்ட். மறுபடியும் நன்மைகள்.

தம்பி எழுந்துவிட்டான். "அக்கா, எனக்கு என்னன்னு நீ கேக்கவே இல்ல. கேக்காமலே புரிஞ்சுது புரிஞ்சுதுன்னு சொல்ற. நான் நிஜப் பேஷண்டா இருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன்."

அவன் மனதில் வைத்திருந்த காரணம்: அப்பா இன்சுலின் ஆரம்பித்த பிறகுதான் கால் விரலை எடுத்தார்கள், அதனால் ஊசிதான் காரணம் என்று மகன் நம்புகிறான். நம் ஊரில் பாதிப் பேர் நம்புவது அதைத்தான். ஊசி வரைக்கும் போய்விட்டால் ஆள் முடிந்தான் என்று. "மை ஃபாதர்" என்று அவன் இழுத்த இடத்தில், "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் கதை முழுக்க வந்திருக்கும்.

அம்மா மாங்காய் வெட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் புரியாது. "அவன் என்னமோ சொல்ல வரான், நீ உட மாட்டேங்கறியே கண்ணு" என்றாள்.

பி.டி.எஃப்.பை அழித்துவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து வார்டு முழுக்கப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். நிற்க நேரமில்லை, படிக்கவும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று உட்கார்ந்து படித்தேன். இதை முதல் நாளே செய்யச் சொல்வேன், யாராவது கேட்டால். மொழிக்கு நான்கு தலைப்பு: பேச்சு புரிகிறதா, தடையில்லாமல் வருகிறதா, ஆளுக்கும் இடத்துக்கும் பொருந்துகிறதா, இலக்கணமும் சொல்வளமும் போதுமா. ஒவ்வொன்றுக்கும் 6. இதோடு 2018இல் சேர்த்த இன்னொரு கூட்டம் இருக்கிறது: நோயாளியோடு உறவை ஏற்படுத்துவது, அவர் பக்கத்திலிருந்து பார்ப்பது, பேச்சை ஒழுங்காகக் கொண்டுபோவது, விவரம் கேட்டு வாங்குவது, விவரம் கொடுப்பது. ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 3. ஆங்கிலம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இந்த ஐந்தும் இல்லாமல் கரையேற முடியாது.

விவரம் கொடுப்பதில் ஒரு நுணுக்கம். கொட்டக் கூடாது. அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்டு, கொஞ்சம் சொல்லி, நிறுத்தி, புரிந்ததா என்று பார்த்து, அப்புறம் மிச்சத்தைச் சொல்ல வேண்டும். இதை இங்கிலீஷில் பழகுவதற்கு முன்னால் தமிழிலேயே பழகிப் பார்க்கலாமே என்று தோன்றியது.

போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா, சுகர் 380. மாந்தோப்புக்காரர். சீசன் நேரத்தில் தோப்புக்காரருக்குச் சுகர் ஏறினால் எல்லோருக்கும் ஒரே முடிவுதான். பழத்தைக் கட்டிப்போடு. ரவுண்ட்ஸில் டாக்டரும் அதைத்தான் சொல்லிவிட்டு, இன்சுலின் அளவைக் கூட்டி எழுதினார். நான் சாயங்காலம் ஊசி போடும்போது, "தாத்தா, வீட்ல ஊசி எப்படிப் போட்டுக்கறீங்க? மொதல்லேருந்து சொல்லுங்க" என்று கேட்டேன். சொன்னார். வேளை தவறுவதில்லை, அளவும் சரி, இடம் மாற்றி மாற்றித்தான் குத்துகிறார். "மருந்த எங்க வைப்பீங்க?" "ஃபிரிட்ஜில்தான், மேல ஐஸ் பெட்டியில. அதான நல்லா குளிரும்?"

இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. ஒருமுறை உறைந்துவிட்டால் அது குப்பைக்குத்தான். மனுஷன் வேளை தவறாமல் வீணாய்ப்போன மருந்தைக் குத்திக்கொண்டிருந்திருக்கிறார். டியூட்டி டாக்டரிடம் சொன்னேன், கூட்டிய அளவைக் குறைத்தார்கள். தாத்தாவிடம், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், கரண்ட் இல்லாத தோப்பு வீட்டுக்குப் போனால் மண்பானைத் தண்ணீருக்குள் டப்பாவில் போட்டு வையுங்கள் என்றேன். "ஒரு துண்டு செந்தூரா?" என்று கேட்டார். சுகர் இறங்கட்டும், பிறகு பேசலாம் என்றேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இந்த ஐந்து நிமிடம் எல்லாக் கட்டிலுக்கும் எங்கே கிடைக்கிறது? தேர்வில் ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம் முழுசாகத் தருகிறார்கள், நடுவில் யாரும் "சிஸ்டர், ட்ரிப்ஸ் முடிஞ்சிருச்சு" என்று கத்துவதில்லை. அந்த விதத்தில் அது ஆடம்பரத் தேர்வுதான்.

ஜூன் 15, ஞாயிறு

இன்றைக்குப் போனில் பதிவு செய்துகொண்டே பேசினோம். தம்பி அறுவை சிகிச்சைக்குப் பயந்த நோயாளி. நன்றாகப் போனது என்றுதான் இருவரும் நினைத்தோம். பதிவைப் போட்டுக் கேட்டால் ஆள் மாறித் தெரிகிறேன். அவன் பயத்தைச் சொல்லுமிடத்தில் என் பக்கம் ஒன்றுமே கேட்கவில்லை. வெறும் ஃபேன் சத்தம்.

"நீ தலையாட்டுனக்கா. என் கையைக்கூடப் பிடிச்ச" என்றான் தம்பி.

அதுதான் விஷயம். எதிரில் உட்கார்ந்து நோயாளியாக நடிப்பவர் மார்க் போடுவதில்லை. பேச்சைப் பதிவு செய்து அனுப்புவார்கள், மதிப்பிடுபவர் எங்கேயோ உட்கார்ந்து குரலை மட்டும் கேட்பார். நான் தலையாட்டியது அவருக்குத் தெரியாது. தோளில் கை வைத்ததும் தெரியாது. வார்டில் நாங்கள் ஆறுதலை வாயால் சொல்வதே இல்லை. தலையணையைச் சரிசெய்வோம், போர்வையை இழுத்து விடுவோம், சாப்டீங்களா என்போம். அழுகிறவர் பக்கத்தில் சும்மா நிற்போம். அதையெல்லாம் இங்கே பேச்சாக்க வேண்டும், அதுவும் ஒப்பிக்கிற மாதிரி இல்லாமல். "நீங்க பயந்துபோயிருக்கீங்கன்னு தெரியுது. எதை நெனச்சா ரொம்பப் பயமா இருக்கு?" என்கிற மாதிரி. தமிழில் இப்படிப் பேசினால் டிவி சீரியல் போலிருக்கும். இங்கிலீஷில் என்னவோ ஒட்டுகிறது.

இன்னொன்றும் பதிவில் மாட்டியது. வேகம். வாக்கியம் முழுவதும் ஒரே தட்டில் ஓடுகிறது, முக்கியமான சொல்லில் அழுத்தம் விழவில்லை. மாத்திரையைச் சொல்கிறேனா, கட்ட வேண்டிய கணக்கைச் சொல்கிறேனா என்று தம்பிக்கே தடுமாற்றம். இரண்டும் என் வாயில் "பில்"தான். உச்சரிப்பு வெள்ளைக்காரர் மாதிரி இருக்க வேண்டியதில்லை, கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிந்தால் போதும். மாத்திரைக்கு இனி "டேப்ளட்". வம்பே வேண்டாம்.

ஜூன் 18, புதன்

நைட் டூட்டி. தளிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, கன்னடமும் தெலுங்கும் மட்டும். இந்த மாவட்டத்தில் வேலை பார்த்தால் மூன்று பாஷையிலும் ஊசி போடத் தெரிந்திருக்க வேண்டும். என் தெலுங்கு உடைந்த தெலுங்கு. ஆனால் கவனித்துப் பார்த்தேன், அதில் பேசும்போது நான் நல்ல நர்ஸாக இருக்கிறேன். பெரிய வார்த்தை தெரியாததால் சின்ன வார்த்தையில் சொல்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான் சொல்ல வருகிறது. புரிந்ததா என்று சந்தேகம் இருப்பதால், "எப்படிப் போட்டுக்குவீங்க, சொல்லுங்க அவ்வா" என்று திருப்பிச் சொல்ல வைக்கிறேன். ஓ.இ.டி. கேட்பது அச்சுஅசலாக இதைத்தான். இங்கிலீஷில்தான் நான் படித்தவள் மாதிரி பேசி எல்லாவற்றையும் கெடுக்கிறேன். "ஹைபோகிளைசீமியா" என்று நோயாளியிடம் சொல்ல வேண்டிய அவசியம் என்ன? சுகர் ரொம்ப இறங்கினால் வேர்க்கும், கை நடுங்கும், பசிக்கும், உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடியுங்கள், கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். தெலுங்கில் இதைத்தான் சொன்னேன். இதையே இங்கிலீஷில் சொன்னால் தீர்ந்தது.

ஜூன் 22, ஞாயிறு

என் சீனியர் ஒரு அக்கா இரண்டு வருடமாக இங்கிலாந்தில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் பேசினோம். கார்டில் ஏதாவது வார்த்தை புரியாவிட்டால் ரோல் பிளே தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடு, அதில் தப்பில்லை என்றார். கார்டில் குறிப்பு எழுதலாம், கையில் வைத்துக்கொண்டே பேசலாம், ஆனால் அதைப் பார்த்துப் படிக்காதே. மூன்று நிமிடத்தில் வாக்கியம் தயார் பண்ணாதே, கேள்வி தயார் பண்ணு என்றார். இதுவரை யாரும் சொல்லாத நல்ல யோசனை அது ஒன்றுதான்.

மதியம் தம்பியோடு, கோபக்காரர் கார்டு. அவன் ஆபீஸ் மேனேஜரை மனதில் வைத்துக்கொண்டு கத்தினான். நான் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "ரொம்ப நேரம் காக்க வெச்சதுல கோபமா, இல்ல யாரும் எதுவும் சொல்லலைன்னா?" என்று இங்கிலீஷில் கேட்டேன். சட்டென்று இறங்கிவிட்டான். நடிப்பு என்பதே மறந்துபோய், "ரெண்டாவதுதான்" என்று தமிழில் பதில் சொன்னான்.

அப்புறம் நேரம் போதவில்லை, கடைசி இரண்டு வரிக்கு வருவதற்குள் அலாரம் அடித்துவிட்டது. முதலிலேயே, "முதல்ல இதைப் பேசுவோம், அப்புறம் மாத்திரையைப் பத்தி" என்று பாதை போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

தேர்வு நாளுக்கு டூட்டி மாற்றியாகிவிட்டது. பதிலுக்குத் தோழிக்காக ஆடி பதினெட்டுக்கு நைட் பார்க்க வேண்டும். விலை அதிகம்தான், பரவாயில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் வைத்தேன். பெங்களூரில் சித்தி வீட்டில் முதல் நாள் இரவே போய்த் தங்கிக்கொள்ளலாம். காலை பஸ்ஸை நம்பி அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொள்ள முடியாது.

தம்பியிடம் ஒரு கார்டு மட்டும் பாக்கி: ஆஸ்துமா குழந்தையின் அம்மா, இன்ஹேலர் வேண்டாம் என்கிறாள். அம்மாவாக நடிக்க மாட்டானாம், அப்பாவாக வேண்டுமானால் வருகிறானாம். சரி, அப்பாவே வரட்டும். இன்ஹேலருக்குப் பயப்படாத அப்பாவை நான் இந்த ஊரில் இன்னும் பார்க்கவில்லை.