ஸ்காபரோ வீட்டு அட்டிக்: இன்சுலேஷனுக்கு முந்திய வேலை

எங்களுடையது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஐம்பதுகளில் கட்டிய செங்கல் பங்களோ, அதாவது ஒரு தட்டு வீடு. ஸ்னோ கொட்டினால் கூரை விளிம்பில் நீள நீளமாக ஐஸ் தொங்கும். பார்க்க வடிவுதான், ஆனால் நல்ல அறிகுறி இல்லை. வீட்டுச் சூடு மேலே ஏறிக் கூரையிலுள்ள ஸ்னோவை உருக்குகிறது. அந்தத் தண்ணீர் வெளியே நீட்டிநிற்கும் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் திரும்ப உறைகிறது. ஐஸ் அணைகட்டி நின்றால் பின்னால் தேங்கும் தண்ணீர் கூரையில் பதித்த ஷிங்கிள் தகடுகளுக்கு அடியில் புகுந்துவிடும். அதனால் சூடு மேலே போகாமல் தடுக்கும் இன்சுலேஷன் போட, சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள அட்டிக்கில் ஒக்ரோபரிலேயே ஏறினேன். கோடையில் அங்கே வேலை செய்ய நினைக்கவே கூடாது.

ஏறியதும் பார்க்க வேண்டியது, ஏற்கெனவே என்ன கிடக்கிறது என்பதை. பொன் கலந்த மண்ணிறத்தில் மினுங்கும் சின்னக் கற்கள்போல இருந்தால் அது வெர்மிகுலைட் என்ற பழைய கனிம இன்சுலேஷனாக இருக்கலாம். அமெரிக்காவின் மொன்ரானாவில் 1990இல் மூடப்பட்ட லிபி சுரங்கத்திலிருந்து வந்த வெர்மிகுலைட்டில், நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது. அப்படி ஏதும் கண்டால் கைவைக்காமல் இறங்கி, அதற்கென்று உள்ளவர்களைக் கூப்பிட வேணும். எங்கள் அட்டிக்கில் மூன்று நாலு அங்குலப் பழைய ஃபைபர்கிளாஸ்தான் கிடந்தது. அங்கங்கே கறுத்தும் இருந்தது. தொட்டுப் பார்த்தால் வெறும் தூசி. வீட்டுக் காற்று வருஷக்கணக்காக அந்த இடங்களால் மேலேறியபோது ஃபைபர்கிளாஸ் தூசியை வடித்து வைத்திருக்கிறது. ஆக, ஓட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை. கறுத்த இடத்தைத் தூக்கிப் பார்த்தால் போதும்.

விசாரித்த இடமெல்லாம் ஆர்-60 என்ற கணக்கைத்தான் சொல்கிறார்கள். ஆர் என்பது இன்சுலேஷன் சூட்டைத் தடுக்கும் அளவு. ஆனால் எத்தனை அங்குலம் போட்டாலும், காற்று போகிற ஓட்டைகளை அடைக்காவிட்டால் பாதிப் பயன்தான் என்பது என் கட்சி. அறைச் சுவர்களின் தலைப்பலகையில் வயர் இறங்கும் துளைகள், பிளம்பிங் வென்ட் குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி எல்லாவற்றுக்கும் ஸ்பிரே ஃபோம் அடித்தேன். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் புகைக்குழாய்க்குக் கிட்ட மட்டும் ஃபோம் கூடாது. அங்கே தகரம் வெட்டிப் பொருத்தி, விளிம்புக்கு நெருப்புத் தாங்கும் கோல்க் பசை பூசினேன். அப்புறம் கீழே வந்து குசினி ஃபேனையும் பாத்ரூம் ஃபேனையும் ஓடவிட்டு, சீலிங் லைட்டுகளுக்குக் கிட்ட ஊதுபத்தி பிடித்தோம். ஓட்டை மிச்சமிருந்தால் மேலிருந்து காற்று இறங்கிப் புகையைக் கலைக்கும். சாமியறைப் பெட்டி காலியாகிறதென்று அம்மாவுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

பாத்ரூம் ஃபேனின் குழாய் அட்டிக்குக்குள்ளேயே திறந்து கிடந்தது. பழைய வீடுகளில் இது சாதாரணம். குளிக்கிற ஆவியும், எங்கள் வீடுகளில் புட்டும் இடியப்பமும் அவிகிற ஆவியும் மேலே போனால், கடும் குளிரில் கூரைப் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகளில் உறைபனியாகப் படியும். வெயில் பட்டதும் உருகிச் சொட்டும். கூரை ஒழுகுகிறதென்று நினைப்போம். இன்சுலேஷன் சுற்றிய குழாயை வாங்கிப் பூட்டினேன். கூரையில் துளை போடுவதை மட்டும் கூரைக்காரரிடம் விட்டேன்.

முதுகு ஒடிந்தது பாஃபிள் என்ற காற்றுவழித் தட்டுகளை அடிப்பதில்தான். வெளியே நீட்டிநிற்கும் கூரை விளிம்பின் அடியிலுள்ள சொஃபிட் துவாரங்களால் வெளிக்காற்று வந்து கூரைப் பலகையை ஒட்டி மேலே போக வேணும். இன்சுலேஷன் அதை மூடாதபடி, கூரையைத் தாங்கும் ராஃப்டர் மரங்களின் ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டு அங்குலத்துக்குக் குறையாத வழி விட்டு அந்தத் தட்டைப் பொருத்த வேணும். பங்களோ கூரை சரிவு குறைந்தது. சீலிங்கைத் தாங்கும் ஜோயிஸ்ட் மரங்களுக்குக் குறுக்கே பிளைவுட் போட்டு, மாஸ்க்கோடு வயிற்றில் ஊர்ந்து, தலைக்கு மேலே ஆணி முனைகள் உரச ஸ்டேப்ளர் அடிக்க வேண்டியிருந்தது.

இவ்வளவும் முடிந்தபிறகு செலுலோஸ் ஊதுவது விளையாட்டு மாதிரி. போரேட் கலந்த பழைய பத்திரிகைத் துகள்தான் செலுலோஸ். இத்தனை மூட்டைக்கு மேல் வாங்கினால் கடையிலேயே மெஷினை இலவசமாகத் தருகிறார்கள். மச்சான் கராஜில் மூட்டையை உடைத்துப் போட, நான் மேலே ஹோஸ் பிடித்தேன். அங்குலத்துக்கு ஏறக்குறைய ஆர்-3.5 வரும், ஆர்-60க்குப் பதினேழு அங்குலம் வேணும். அது காலப்போக்கில் அமரும் என்பதால் மூட்டையிலுள்ள அட்டவணைப்படி கூடுதலாகவே ஊத வேணும். அளவு தெரிய, அங்கங்கே காகித அடிமட்டங்களை ஸ்டேப்ளர் அடித்து வைத்தேன். அட்டிக்குக்கு ஏறும் வாசலான ஹட்ச்சைச் சுற்றிப் பலகைத் தடுப்பு, மூடிக்கு மேலே ஃபோம் போர்ட், விளிம்புக்கு ரப்பர் பட்டி.

முதல் பெரிய ஸ்னோவுக்குப் பிறகு எங்கள் கூரை முழுக்க ஒரே வெள்ளையாக இருந்தது. விளிம்பில் ஐஸ் இல்லாமல் இல்லை, விரல் நீளத்துக்கு ஒன்றிரண்டு. ஃபர்னஸ் இரவில் முந்தியளவு ஓடுவதில்லை. காஸ் பில்லை முழுக் குளிர்காலமும் போனபிறகுதான் ஒப்பிடலாம். இனி பேஸ்மென்ட்டில், அத்திவாரச் சுவருக்கு மேலே ஜோயிஸ்ட் முனைகள் உட்காரும் இடத்தை அடைக்க வேணும். அங்கேயும் ஊதுபத்தி பிடித்துப் பார்த்தேன், புகை நிற்கவே முடியாத அளவுக்குக் காற்று.