ஃபேஷன் உருவப்படத் தாள்: பாம்பன் கரையில் எடுத்தவனின் அனுபவக் குறிப்பு

ஒளிப்படப் பட்டயத் தேர்வின் முடிவுகள் வந்துவிட்டன. பலரும் அஞ்சும் ஃபேஷன் உருவப்படத் தாளில் எனக்கு முதல் வகுப்பு கிடைத்திருக்கிறது. அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள், அடுத்த ஆண்டு இந்தத் தாளுக்கு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதிவிடுகிறேன். படத்தொகுப்பு, காண்டாக்ட் ஷீட் (எடுத்த படங்களைச் சிறு அளவில் ஒரே பக்கத்தில் அச்சிட்டது), நேர்முகம் ஆகியவற்றின் மதிப்பெண் பங்கீடு உங்களுக்குத் தெரிந்ததே.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சொல்வேன்: படமெடுக்கப்படுபவரின் உடையை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். வாடகை உடையில் யாரை நிறுத்தினாலும் உடைதான் தெரியும், ஆளின் குணம் தெரியாது. எங்கள் வகுப்பில் பலர் தனுஷ்கோடிக்குச் சென்று, 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் முன் நீண்ட கவுன் அணிந்த மாடல்களை நிறுத்தினார்கள். அந்தச் சுவர்களே பார்வையை இழுத்துக்கொண்டதால், முகங்கள் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டன.

நான் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் ஓர் அக்காவைப் படமெடுத்தேன். கடலில் இறங்கும்போது சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொள்வது அங்குள்ள பெண்களின் வழக்கம். தம்மிடமிருந்த பரமக்குடிக் கைத்தறிச் சேலையை உடுத்தி, அதன்மேல் அந்தச் சட்டையையும் மாட்டிக்கொண்டு, "தம்பி, கைய மடிச்சு விடவா, இப்படியே கெடக்கட்டுமா?" என்று கேட்டார். "கடலுக்குப் போறப்ப எப்படியோ அப்படியே விடுங்கக்கா" என்றேன். கேமராவைத் தூக்கியதும் அவர் முகம் இறுகிவிட்டது. பாறையில் கை கிழியாமலிருக்க விரல்களில் சுற்றும் துணியைச் சுற்றிக்கொள்ளச் சொன்னேன். அவர் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுமுனையை ஆட்காட்டி விரலில் இறுக்கிச் சுற்றி முடிச்சிட்டு, அடுத்த வேலை என்ன என்பதுபோல நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைதான் என் தொகுப்பின் முதல் படம். பேச்சுக் கொடுத்து ஆளை இயல்பாக்குவது எனக்கு வராது. கைக்குப் பழகிய வேலையைக் கொடுப்பதே என் வழி, அதையே உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

இதில் ஃபேஷன் எங்கே இருக்கிறது என்று நேர்முகத்தில் கேட்டார்கள். ஃபேஷன் இதழுக்குப் படமெடுத்துவந்த இர்விங் பென், 1950, 1951ஆம் ஆண்டுகளில் பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரத் தொழிலாளர்களை அவர்களுடைய வேலை உடையிலேயே, கருவிகளோடு, வெறும் திரைக்கு முன் நிறுத்தி எடுத்ததைச் சொன்னேன். எந்தச் சேலைக்கு எந்தச் சட்டை, கையை எதுவரை மடிப்பது என்பதை அக்காவே முடிவு செய்தார் என்றும், அந்த முடிவுகளையே படமாக்கினேன் என்றும் விளக்கினேன். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை.

கடற்கரையில் எடுப்பவர்களுக்குச் சில:

காற்றைப் பார்த்துக் கரையைத் தேர்ந்தெடுங்கள். கச்சான் எனும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அடங்கியிருக்கும். வடக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் செல்லுங்கள்.

வெண்மணல் பின்னணியில் நிறைந்திருந்தால் ஒளியளவி ஏமாந்து முகத்தை இருட்டாக்கும்; கருத்த முகம் சட்டகத்தை நிறைத்தாலோ அதை வெளுக்க வைக்கும். ஆகவே ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து, அளவைக் கையால் திருத்துங்கள்.

முகத்துக்கு ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டர் அங்கே காற்றில் படகுப் பாயாகிவிடும். கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் ஆளை நிறுத்தி, வெயில் விழும் மணலை நோக்கி முகத்தைத் திருப்பினால், மணலே போதிய ஒளியைத் திருப்பித் தரும்.

முகத்தை நெருக்கமாக எடுக்க 85 மி.மீ. லென்ஸ் போதும். 35 மி.மீ. லென்ஸோடு அவ்வளவு கிட்டே போனால் மூக்கு பெரிதாகும்.

உப்புச் சாரல் படிந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள்.

இன்னொன்று, மதிப்பெண்ணுக்காக மட்டுமல்லாமல் மரியாதைக்காகவும் செய்ய வேண்டியது: காண்டாக்ட் ஷீட்டை முதலில் படத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். நான் மிகவும் விரும்பிய ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, "இது நான் சிரிக்கிற சிரிப்பில்ல தம்பி" என்று அக்கா தள்ளிவைத்தார். அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. எனவே சமர்ப்பிக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே அச்சிட்டு முடித்து, அவரைச் சென்று பார்க்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.