அடுத்து என்ன படிக்கலாம்?

"பொன்னியின் செல்வன் முடிச்சிட்டேன் அக்கா. அடுத்து என்ன படிக்கட்டும்?"

ஐந்து பாகத்தையும் திருப்பித் தர வந்த மாடிவீட்டுப் பெண் வாசலிலேயே நின்று கேட்டாள்.

யோசிக்கவே இல்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்துக் கொடுத்தேன். 1972இல் வந்த நாவல். முதுகு பிரிந்து, பசைநாடாவில் நிற்கிற என் பிரதி.

இந்தோனேசியாவின் மெடான் நகருக்குள் ஜப்பான் படை வருவதில் கதை தொடங்கும். ஆரம்பத்தில் மலாய்ச் சொற்கள் கொஞ்சம் மிரட்டும், விட்டுடாதே என்றேன். அப்புறம் தொங்கான் என்கிற மரக்கலம் கடலில் இறங்கும். புயல் வரும். அந்தப் பக்கங்களில் வாக்கியங்களே அலை மாதிரி எழுந்து விழும். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

அதைவிடப் பிடித்தது, கதாநாயகன் பாண்டியன் அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு மதுரைத் தெருக்களை நினைத்துப் பார்ப்பது. பிழைக்கப் போனவனின் மனசு அது.

சிங்காரம் மொத்தமே இரண்டு நாவல்தான் எழுதினார். ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் மனசு ஆறுவதில்லை.

பிடித்த நாவலை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது பயமாகத்தான் இருக்கிறது. அவர்களுக்கும் பிடிக்க வேண்டுமே.

சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

கூப்பிடாமல் இறங்கி வந்துவிட்டேன்.